பகல் வண்டியில் பழைய நகரம்

மாட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்தில் காலை வண்டியைப் பிடித்தால் 33 நிமிடத்தில் டொலேடோ. நகரின் வடக்கே சமார்த்தின் நிலையத்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் செகோவியா. குவென்காவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏறத்தாழ 345 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோர்டோபாவுக்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான்கும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. காலையில் தலைநகரில் காபி குடித்து, மதியம் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தின் நிழலில் நின்று, இரவுச் சாப்பாட்டுக்குத் தலைநகருக்கே திரும்பிவிடுவது இன்று யாருக்கும் எளிது.

எளிதாகிவிட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஒரு பழம்பெரும் நகரத்தை ஒரு பகலில் பார்த்துத் திரும்பினால் அது பார்த்ததாகுமா? அப்படி வந்து போகிறவர்களால் அந்த நகரத்துக்கு ஆதாயமா, தேய்மானமா? இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ 180. ரயிலோடு சேர்ந்தே பிறந்தது. கவிஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், அரசு அதிகாரிகள், சினிமாக்காரர்கள், பொருளியலாளர்கள் எனப் பலர் விடை சொல்லியிருக்கிறார்கள். எந்த விடையும் மற்றதை முழுதாக வென்றதில்லை. இந்த விடைகளை எடைபோட மாட்ரிட்டின் சுற்றுவட்டாரம் நல்ல களம். ஒரே தலைநகர், ஒரே ரயில் நிர்வாகம். ஆனால் ரயில் ஒவ்வொரு நகரத்தையும் வெவ்வேறு விதமாகப் போய்த் தொட்டிருக்கிறது.

## கூட்டமாகப் போவதைப் பற்றிய முதல் சண்டை

1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். மதுவிலக்கு இயக்கத்தின் கூட்டத்துக்காக ஏற்பாடான பயணம் அது; அன்றே எல்லோரும் வீடு திரும்பினார்கள். இதற்கு முன்பும் சிறப்பு வண்டிகள் ஓடியதுண்டு என்றாலும், சுற்றுலா வணிகத்தின் பிறந்தநாளாக வரலாற்றாசிரியர்கள் பலர் இதையே குறிப்பிடுகிறார்கள். குக் கொண்டிருந்த நம்பிக்கை சிக்கலில்லாதது. உழைக்கிறவனுக்குக் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாளுக்குள் அவன் எட்டக்கூடிய தூரத்தை ரயில் பல மடங்காக்குகிறது. அவ்வளவு போதும்.

மூன்று ஆண்டுகளில் எதிர்க்குரல் வந்தது. 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியர் ஏரிவரை பாதை போடும் திட்டத்தை எதிர்த்துக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். அழகை உணரும் மனம் மெல்ல மெல்லப் பழகி வருவது. ஆட்களை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கினால் அது வந்துவிடாது, இறக்கிய இடமும் கெட்டுப்போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னால் ஜான் ரஸ்கின் இன்னும் கடுமையாகப் பேசினார். ரயிலில் போகிறவன் பயணி என்ற நிலையிலிருந்து இறங்கி, முகவரி எழுதி அனுப்பப்படும் பொட்டலமாகிவிடுகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு.

இந்தத் தரப்பின் ஓட்டை அன்றே பலர் கண்ணுக்குத் தெரிந்தது. ஏரிக்கரையில் குடியிருந்தவர், ஆலைத் தொழிலாளி அந்த ஏரியைப் பார்க்க வருவதற்குத் தடை சொன்னார். ரசிக்கப் பழக வேண்டும் என்றால் பழகுவதற்கு முதலில் வந்து சேர வேண்டுமே. ஆனாலும் அவர் வாதத்தின் பிற்பாதியை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. வந்து இறங்குகிறவர்களின் எண்ணிக்கை இடத்தையே மாற்றிவிடும் என்ற கவலை இன்றைய வெனிஸ் வரை தொடர்கிறது.

ஸ்பெயினுக்கு இந்தச் சண்டை தாமதமாகத்தான் வந்தது. ரிச்சர்ட் ஃபோர்ட் 1830களின் தொடக்கத்தில் குதிரை மேல் நாடு முழுக்கச் சுற்றி, 1845இல் தன் கையேட்டை வெளியிட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே 1840இல் வந்தபோது மாட்ரிட்டுக்கும் டொலேடோவுக்கும் இடையே சாலைதான் வழி. மாட்ரிட்டின் முதல் ரயில் பாதை 1851 பிப்ரவரியில் அரண்மனை நகரான அரன்ஹுவேஸுக்குத் திறக்கப்பட்டது. அங்கே விளையும் ஸ்ட்ராபெரிப் பழங்களை அந்த வண்டி தலைநகருக்குச் சுமந்து வந்தது. அந்த நினைவில் ‘ஸ்ட்ராபெரி ரயில்’ என்ற பெயரில் 1984 முதல் ஒரு சுற்றுலா வண்டி ஓடுகிறது. டொலேடோவுக்குக் கிளைப்பாதை வந்தது 1858இல்.

டொலேடோவின் கதையில் இது சாதாரண நிகழ்ச்சி அல்ல. 1561இல் இரண்டாம் பிலிப் மன்னர் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றினார். பிரபுக்களும் அவர்களை நம்பியிருந்த கைவினைஞர்களும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தார்கள். பழைய தலைநகர் புதிய தலைநகரின் நிழலில் மூன்று நூற்றாண்டு காலம் தேய்ந்தது. எதனிடம் தோற்றதோ அதிலிருந்தே டொலேடோவுக்கு ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது ரயில்.

## ஒரு நாளும் ஒரு பள்ளிக்கூடமும்

ஒரு பகல் போதும் என்ற தரப்புக்கு ஸ்பெயினில் கிடைத்த மிகக் கண்ணியமான வடிவம் வகுப்பறையிலிருந்து வந்தது. 1876இல் பிரான்சிஸ்கோ ஹினேர் தெ லோஸ் ரியோஸ் மாட்ரிட்டில் தொடங்கிய சுதந்திரக் கல்வி நிறுவனம், அரசின் பிடியிலும் திருச்சபையின் பிடியிலும் இல்லாத கல்வியை நாடியது. அதன் பாடத்திட்டத்தில் வெளிப்பயணம் ஒரு முக்கிய அங்கம். மாணவர்களை அருங்காட்சியகங்களுக்கும் குவாதர்ராமா மலைக்கும் பழைய நகரங்களுக்கும் கூட்டிப்போய், கல்லையும் மண்ணையும் பாடப்புத்தகமாகப் படிக்க வைத்தார்கள். போவதற்கு முன்பே ஆயத்தம் உண்டு. திரும்பி வந்து எழுத வேண்டியதும் உண்டு.

ஹினேரின் சீடர் மனுவேல் பர்த்தலோமே கோசியோ 1908இல் எல் கிரேக்கோ பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1577இல் டொலேடோவுக்கு வந்து சாகும்வரை அங்கேயே வரைந்த அந்த ஓவியர், அதுவரை விசித்திரமானவர் என்று ஓரங்கட்டப்பட்டிருந்தார். அவரை ஐரோப்பாவின் பெரும் ஓவியர் வரிசையில் மீண்டும் நிறுத்தியதில் இந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று டொலேடோவுக்குப் பகல் வண்டியில் வருகிறவர்களில் ஏராளமானோர் சாந்தோ தோமே தேவாலயத்தில் ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ ஓவியத்தின் முன் நிற்கிறார்கள். அங்கே நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கியவர்களில் கோசியோவும் ஒருவர்.

எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைவிட எவ்வளவு தெரிந்துகொண்டு வந்தார்கள் என்பதே கணக்கு என்று இந்தத் தரப்பு சொல்லும். வலுவான வாதம்தான். ஆனால் கூடவே ஒரு கோசியோ வர வேண்டும். ஆசிரியரோடு போன பத்து மாணவர்களுக்குப் பலித்தது, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓடும் ஐம்பது பேருக்கும் பலிக்கும் என்று சொல்ல இந்த அனுபவத்தில் ஆதாரமில்லை.

## இரவு தங்காதவன் பார்க்கவில்லை

வேகா இன்க்லான் பிரபு ஓர் அதிகாரியின் கண்ணோடு இதை அணுகினார். டொலேடோவில் எல் கிரேக்கோ அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர் இவர். 1911இல் அமைந்த அரச சுற்றுலா ஆணையத்தின் தலைவரும் இவரே. பயணிகள் ஸ்பெயினின் உள்நாட்டு நகரங்களில் தங்க விரும்பாததற்குத் தங்கத் தகுந்த இடமில்லாததே காரணம் என்று அவர் கண்டார். ஆவிலா மாகாணத்தின் கிரேதோஸ் மலையில் 1928இல் திறக்கப்பட்ட முதல் ‘பரதோர்’ விடுதி அந்தச் சிந்தனையின் விளைவு. பிற்காலத்தில் கோட்டைகளும் மடங்களும் அரசு விடுதிகளாக மாறி நாடு முழுக்கப் பரவின. டொலேடோவின் பரதோர், ஆற்றின் எதிர்க்கரைக் குன்றில் முழு நகரமும் தெரியும்படி நிற்கிறது.

இதே முடிவுக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தார்கள் சில இளைஞர்கள். ஹினேரின் கல்வி நிறுவனத்திலிருந்து கிளைத்த மாட்ரிட் மாணவர் இல்லத்தில் தங்கியிருந்த, பிற்காலத்தில் சினிமா இயக்குநரான லூயி புனுவல், 1923இல் ‘டொலேடோ சங்கம்’ என்ற ஒன்றை நண்பர்களோடு தொடங்கினார். லோர்கா, டாலி, ரஃபேல் ஆல்பெர்த்தி போன்றோர் அதில் சேர்ந்தார்கள். உறுப்பினராக டொலேடோவை நிபந்தனையின்றி நேசிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓர் இரவு முழுக்க அதன் சந்துகளில் அலைய வேண்டும். சீக்கிரம் படுக்கப் போகிறவர்களுக்குக் கீழ்ப்பதவிதான். விளையாட்டுபோலத் தெரிந்தாலும் இதற்குள் ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. கூட்டம் போன பிறகு, கல் சுவர்களில் தன் காலடியோசை மட்டும் எதிரொலிக்கும்போதுதான் அந்த ஊர் வாய் திறக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

கால அட்டவணையைப் பார்த்தால் இவர்கள் பக்கம் ஒரு நியாயம் தெரியும். டொலேடோவிலிருந்து மாட்ரிட்டுக்குக் கடைசி ரயில் பல ஆண்டுகளாக இரவு 9:30 மணியை ஒட்டியே புறப்பட்டு வந்திருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவது 9:45 மணிக்கு மேல். கோடையின் உச்சத்தில் ரயிலை நம்பி வருகிறவருக்கு டொலேடோவின் இருட்டு கண்ணில் படவே படாது. விளக்கேற்றிய மதில்களையும், வெயில் தணிந்த பிறகு நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காரும் உள்ளூர்க்காரர்களையும் காணாமலே அவர் கிளம்புகிறார்.

1993இல் உருவான ஸ்பானியப் பாரம்பரிய நகரங்களின் கூட்டமைப்பில் இன்று 15 நகரங்கள் உள்ளன. டொலேடோ, செகோவியா, ஆவிலா, குவென்கா, கோர்டோபா எல்லாம் அதில் உண்டு. 2018 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் இவை ஒரே இரவில் நினைவுச் சின்னங்களைத் திறந்து வைத்து நிகழ்ச்சி நடத்துகின்றன. வருகிறவரை இரவுக்குள் இழுப்பதே நோக்கம். டொலேடோவுக்கு வெளியே 2019இல் தொடங்கிய புய் து ஃபூ நிறுவனத்தின் இரவுக் காட்சியும் இந்த இழுப்பில் சேர்ந்துகொண்டது. டொலேடோவின் வரலாறே காட்சியின் கரு. ஆனால் அரங்கம் இருப்பது நகரத்துக்கு வெளியே.

இரவைப் போற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தங்குகிறவருக்கு அறை வேண்டும். பழைய நகரத்தின் மதிலுக்குள் இடம் அளவானது. விடுதியாகவும் சுற்றுலாக் குடியிருப்பாகவும் மாறும் ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பம் வாழக்கூடிய வீடு. ஸ்பானிய நகரங்கள் பலவற்றில் அண்மை ஆண்டுகளில் எழுந்த ஊர்வலங்கள் பகல் பயணியை மட்டும் குறிவைக்கவில்லை, குறுகிய கால வாடகை வீடுகளையும் குறிவைத்தன. இரவு தங்குவது நகரத்துக்கு நல்லது என்ற சூத்திரம் 1928இல் எவ்வளவு சரியோ அவ்வளவு இன்றும் சரி என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

## கணக்குப் புத்தகத்தில் பகல் பயணி

புள்ளிவிவரத்தில் பகல் பயணி நெடுங்காலம் அரை ஆளாகவே இருந்தார். 1937இல் சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு, 24 மணி நேரமாவது தங்குகிறவரையே சுற்றுலாப் பயணி என்று வரையறுத்தது. 1963இல் ரோமில் கூடிய ஐ.நா. மாநாடு, தங்குகிறவரைச் சுற்றுலாப் பயணி என்றும், அன்றே திரும்புகிறவரை உலாவந்தவர் என்றும் பிரித்து இரண்டு பெட்டியில் போட்டது. விடுதிப் பதிவேட்டில் பெயர் உள்ளவரை எண்ணலாம். காலையில் வந்து மாலையில் போனவரை யார் எண்ணுவது? டொலேடோவின் பகல் பயணிகளில் ரயிலில் வருகிறவர் ஒரு பகுதிதான். மாட்ரிட்டின் பிளாசா எலிப்திகாவிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள், சொந்தக் காரில் வருகிறவர்கள், சுற்றுலா நிறுவனங்களின் சொகுசுப் பேருந்தில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சந்தில்தான் கலக்கிறார்கள்.

பொருளியலாளர்களில் பகல் பயணியை மிகக் கடுமையாக விசாரித்தவர்கள் வெனிஸை முன்வைத்தே விசாரித்தார்கள். அந்தோனியோ ருசோ 2002இல் எழுதிய கட்டுரை ‘தீய சுழல்’ என்ற கருத்தை முன்வைத்தது. நகருக்குள் தங்கும் செலவு ஏறுகிறது. பயணிகள் வெளியே தங்கிப் பகலில் மட்டும் வருகிறார்கள். நேரம் குறைவானதால் மலிவான, அவசரமான பொருட்களையே நாடுகிறார்கள். கடைகள் அதற்கேற்பத் தரம் இறங்குகின்றன. தரம் இறங்கியதால் தங்க விரும்பியவரும் தங்குவதில்லை. செலவு நகரத்துக்கு, வரவு வெளியூருக்கு என்று ஆகிவிடுகிறது.

இதற்கு முன்பே கனெஸ்த்ரெல்லி, கோஸ்தா என்ற இரு ஆய்வாளர்கள் வெனிஸ் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய மாதிரியில் மொத்தம் ஏறத்தாழ 22,000 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதி பகல் பயணிகள். அந்தக் கணக்கை மேற்கோள் காட்டுகிறவர்கள் மொத்த வரம்பைச் சொல்கிறார்கள், இந்தப் பாதியைச் சொல்வதில்லை. நகரத்தின் பொருளாதாரத்துக்குப் பகல் பயணியும் தேவை என்று அந்த மாதிரியே ஒப்புக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரல் 25 அன்று வெனிஸ் நகராட்சி பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நகரில் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அடுத்த ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்குக் கட்டணம் 10 யூரோவானது. கூட்டம் குறைந்ததா என்ற விவாதம் ஓயவில்லை.

வெனிஸின் பாடத்தை அப்படியே டொலேடோவின் மேல் ஒட்ட முடியுமா? டொலேடோவின் பழைய பகுதி காலியாகத் தொடங்கியது அதிவேக ரயில் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே. 1970களில் ஆற்றுக்கு அப்பால் புதிய குடியிருப்புப் பகுதி எழுந்தது. கார் நிறுத்த இடமும் மின்தூக்கியும் உள்ள வீடுகளுக்குக் குடும்பங்கள் நகர்ந்தன. 1983இல் டொலேடோ காஸ்தியா-லா மாஞ்சா தன்னாட்சிப் பகுதியின் தலைநகரானபோது, பழைய மடங்களிலும் மாளிகைகளிலும் அரசு அலுவலகங்கள் குடியேறின. ஏறத்தாழ 85,000 பேர் வாழும் நகரத்தில் மதிலுக்குள் வசிப்பவர்கள் இன்று சிறுபான்மை. இதற்குப் பகல் பயணியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஆதாரத்தை மீறிய தீர்ப்பு.

அதிவேக ரயில் வந்தால் சுற்றுலா பெருகும் என்ற அரசியல்வாதிகளின் வாக்குறுதிக்கும் ஆதாரம் திடமாக இல்லை. ஸ்பெயினின் தரவுகளை ஆராய்ந்த டேனியல் அல்பலாத்தே, சவியேர் பாஜேடா போன்ற பொருளியலாளர்கள், கோடிக்கணக்கில் கொட்டிய முதலீட்டுக்கு ஈடான சுற்றுலா ஆதாயத்தைத் தெளிவாகக் காண முடியவில்லை என்ற பக்கமே சாய்கிறார்கள். ரயில் ஆட்களைக் கொண்டுவருகிறது. அதே வேகத்தில் திருப்பி எடுத்துக்கொண்டும் போகிறது.

## நிலையம் எங்கே நிற்கிறது?

இத்தனை தரப்புகளும் பயணியின் மணிக்கணக்கையே அளக்கின்றன. நகரத்தின் அனுபவத்தை அதைவிட அழுத்தமாகத் தீர்மானிக்கும் ஒன்று இந்த விவாதங்களில் ஓரமாகவே நிற்கிறது: வண்டி எங்கே போய் நிற்கிறது என்பது.

டொலேடோவில் அது ஊரின் காலடியில் நிற்கிறது. 1919இல் திறக்கப்பட்ட நிலையம், நர்சிசோ கிளவேரியா வடிவமைத்த புதிய-முதேஹார் பாணிக் கட்டடம். குதிரைலாட வளைவுகள், மர வேலைப்பாடுள்ள பயணச்சீட்டுக் கூடம், வண்ணக் கண்ணாடி என்று, இறங்கிய இடமே ஊரின் முன்னுரையாக இருக்கிறது. அங்கிருந்து அல்காந்தரா பாலம் வழியாகத் தாஹோ ஆற்றைக் கடந்து மேலேறினால் இருபது, இருபத்தைந்து நிமிட நடை. அந்த ஏற்றத்தில் நகரத்தின் அமைப்பு, அதாவது மூன்று புறமும் ஆறு சூழ்ந்த பாறை என்பது, காலுக்கே புரிந்துவிடும். 2005 நவம்பரில் அதிவேகச் சேவை தொடங்கியபோது இந்த நிலையத்தையே தக்கவைத்துக்கொண்டது நல்ல முடிவு. ஆனால் பழைய பாதை போன இடத்தில் புதியது வந்ததால், குறைந்த கட்டணச் சாதாரண வண்டி டொலேடோவுக்கு இல்லாமல் போனது.

செகோவியா வேறு கதை. 2007 டிசம்பரில் குவாதர்ராமா மலையைக் குடைந்த 28 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே அதிவேக ரயில் வந்தது. மலையைச் சுற்றி வரும் பழைய வண்டி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்த தூரம் அரை மணிக்குச் சுருங்கியது. ஆனால் புதிய நிலையம் ஊருக்கு வெளியே, ஐந்து கிலோமீட்டருக்கும் அப்பால், வெட்டவெளியில் இருக்கிறது. கவிஞர் அந்தோனியோ மச்சாதோ தன் கவிதைகளில் காதலிக்குச் சூட்டிய ‘குயோமார்’ என்ற பெயரை நிலையத்துக்கு வைத்தார்கள். அங்கிருந்து நகரப் பேருந்து எல்லோரையும் நீர்ப்பாலத்தின் அடியில் இறக்குகிறது. 167 வளைவுகள், சுண்ணாம்புக் காரை இல்லாமல் அடுக்கிய கருங்கல், 28 மீட்டர் உயரம். முதல் பார்வையாக இதைவிட மேலான ஒன்று ஐரோப்பாவிலேயே குறைவு. ஆனால் எல்லோரும் ஒரே புள்ளியில் இறங்குவதால் எல்லோரும் ஒரே தெருவில் ஏறுகிறார்கள்: நீர்ப்பாலம், பேராலயம், அல்காசர் கோட்டை, மீண்டும் பேருந்து. அந்தக் கோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரோமனெஸ்க் தேவாலயங்கள் நண்பகலிலும் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. நெரிசல் என்பது பல சமயம் எண்ணிக்கையின் விளைவைவிடப் பாதையின் விளைவு.

குவென்காவுக்கு 2010 டிசம்பரில் அதிவேக ரயில் வந்தது. அந்த நிலையமும் ஊருக்கு வெளியேதான். அதற்கு ஃபெர்னாந்தோ சோபெல் என்று பெயர். 1966இல் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கும் வீடுகளில் அரூப ஓவிய அருங்காட்சியகத்தைத் தொடங்கி, அந்தச் சிற்றூரை நவீன ஓவியத்தின் வரைபடத்தில் ஏற்றிய ஓவியர் அவர். 2022 ஜூலையில் நகரின் நடுவே வந்து நின்ற பழைய ரயில் பாதை மூடப்பட்டது. மாட்ரிட்டிலிருந்து வரும் பயணிக்கு இதனால் இழப்பில்லை. இடையில் இருந்த சிற்றூர்க்காரர்களுக்குத்தான் வண்டி போய்விட்டது.

ஆவிலாவுக்கு அதிவேக ரயில் இன்னும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அளவில் எடுக்கும் சாதாரண வண்டிதான். இரண்டரை கிலோமீட்டர் நீள மதில் முழுமையாக நிற்கும் நகரம் அது. அங்கே தங்குகிறவர்களின் விகிதம் இதனால் கூடிவிட்டதா என்றால், அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. காரில் வருகிறவர்களைக் கால அட்டவணை கட்டுப்படுத்துவதில்லையே.

இதே வண்டிகளை எதிர்த்திசையில் பார்க்கவும் வேண்டும். காலையில் செகோவியாவிலிருந்தும் டொலேடோவிலிருந்தும் மாட்ரிட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் திரும்பி வருகிறார்கள். 1992இல் மாட்ரிட்-செவில் பாதை திறந்தபோது இடையிலிருந்த சியுதாத் ரியால் நகரத்துக்கு இது நேர்ந்ததை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தலைநகரில் வேலை, சிறுநகரில் வீடு என்ற வாழ்க்கை சாத்தியமானது. பழைய நகரம் அருங்காட்சியகமாக உறையாமல் இருக்க அங்கே ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்றால், அந்த ஆட்களைத் தக்கவைக்கும் கருவியும் இதே ரயில்தான்.

ஜப்பானின் காமகுரா இந்தப் புள்ளியை நேரடியாகத் தொட்டது. டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய அந்தப் பழைய நகரத்தில், எனோதென் என்ற சிறிய ரயில் உள்ளூர் மக்களின் அன்றாட வண்டி. மே மாத விடுமுறையில் சுற்றுலாக் கூட்டத்தால் அவர்களே ஏற முடியாமல் போனது. 2017இலும் அடுத்த சில ஆண்டுகளிலும், சான்றிதழ் காட்டும் குடியிருப்போரை வரிசையில் நிற்காமல் நிலையத்துக்குள் விடும் சோதனை முயற்சியை நகராட்சி நடத்தியது.

## ஆக்ராவின் ஒரு பகல்

இந்திய வாசகருக்கு நெருக்கமான உதாரணம் டெல்லி-ஆக்ரா. 1964இல் தாஜ் எக்ஸ்பிரஸ், 1988இல் நாட்டின் முதல் சதாப்தி, 2016 ஏப்ரல் 5இல் 188 கிலோமீட்டரை 100 நிமிடத்தில் கடக்கும் கதிமான் என்று ஒவ்வொரு தலைமுறை வண்டியும் இந்தத் தூரத்தை மேலும் சுருக்கியது. கதிமான் பயணிகளைக் காலை பத்து மணிக்குள் ஆக்ராவில் இறக்கி, மாலை ஆறு மணிக்குள் மீண்டும் ஏற்றிக்கொள்கிறது. 2004 முதல் முழுநிலவை ஒட்டிய ஐந்து இரவுகளில் தாஜ் மஹாலைப் பார்க்க அனுமதி உண்டு. அந்த வண்டியில் திரும்புகிறவருக்கு அது கிட்டாது. டொலேடோவின் கடைசி வண்டிக்கும் கோடைச் சூரியனுக்கும் இருக்கும் அதே கணக்கு. ஆக்ராவின் விடுதிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லும் குறையும் வேகா இன்க்லான் கண்ட குறையே: வருகிறார்கள், தங்குவதில்லை.

ஆனால் ஆக்ராவின் சிக்கல் தங்கும் அறைகளின் பற்றாக்குறை அல்ல. தாஜ், கோட்டை என்ற இரண்டு இடங்களுக்கு அப்பால் உள்ள ஊர், அதாவது பழைய கடைவீதியும் யமுனையின் எதிர்க்கரைத் தோட்டங்களும், பயணியின் நடைபாதையில் சேர்க்கப்படவே இல்லை. செகோவியாவின் ஒற்றைத் தெருவுக்கு ஒப்பான நிலை இது.

## முடிவாகாமல் நிற்பவை

கிடைத்துள்ள சான்றுகளை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை சிலவே. ஆயத்தத்தோடு வருகிறவருக்கு ஒரு பகல் வீணில்லை. ஹினேரின் மாணவர்கள் அதற்குச் சாட்சி. இரவு தங்குவது பயணிக்கு மேலும் தரும். நகரத்துக்கும் எப்போதும் மேலும் தரும் என்பது நிரூபணமாகவில்லை. நுழைவுக் கட்டணம் வருவாய் தரக்கூடும். கூட்டத்தைக் கலைக்கும் என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகளின் தரவு வேண்டும். பகல் பயணி கொண்டுவரும் நெரிசலில் பெரும்பகுதி சில தெருக்களிலும், நண்பகலை ஒட்டிய சில மணி நேரத்திலும் குவிகிறது. கடைசி வண்டியை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தால் அந்தக் குவியல் எவ்வளவு தளரும் என்பது இந்தக் கேள்விகளிலேயே மிகக் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்கக்கூடியது. ஆய்வாளர்களின் கவனமோ கட்டணத்தின் மேலும் கட்டுப்பாட்டின் மேலுமே குவிந்திருக்கிறது.

பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் குறைவதற்கு ரயிலின் பங்கு எவ்வளவு, வீட்டு விலையின் பங்கு எவ்வளவு, கார் நிறுத்த இடமில்லாத சந்துகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதும் இன்னும் கைகூடவில்லை. இதைப் பிரிக்காமல் பகல் பயணியைப் பற்றி உறுதியான தீர்ப்பு எழுதுகிற எவரையும் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இதற்கிடையே டொலேடோவின் முன் ஒரு முடிவு காத்திருக்கிறது. மாட்ரிட்டிலிருந்து எக்ஸ்ட்ரிமதுரா நோக்கிச் செல்லும் அதிவேகப் பாதை அந்த நகரத்தை எப்படிக் கடப்பது என்பதில் நீண்ட சர்ச்சை நடந்துவருகிறது. 1919இன் நிலையத்தையே பயன்படுத்தினால் தாஹோ ஆற்றின் மேல் புதிய பாலம் எழுந்து, எல் கிரேக்கோ வரைந்த அந்த நிலக்காட்சியில் குறுக்கிடும் என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. ஊருக்கு வெளியே போனால் நகரம் ரயிலை இழக்கும் என்று இன்னொரு தரப்பு அஞ்சுகிறது. இரண்டு அச்சத்திலும் உண்மை இருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு குளிர்கால மாலையில் செகோவியாவின் குயோமார் நிலையத்தில் பேருந்துக்காகக் காத்து நின்று பார்க்க வேண்டும். குவென்காவின் மூடிய பாதையோரம் இருக்கும் ஊர்களில் இறங்கி, இப்போது எப்படிப் போய் வருகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அதன் பிறகு கையெழுத்திடட்டும்.